ஜாயிண்டைக் கழற்றியவள்

பால் பண்ணையில் அவளுக்கு டார்ச் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. லாரியில் வரும் பாலைக் காய்ச்சி, குளிர வைத்து, பாக்கெட்டில் அடைக்கிற இடம் அது. பால் ஓடிய எஃகுக் குழாய்களைக் கழுவுவது அவள் வேலை. மற்றவர்கள் வெந்நீர் விட்டு, காஸ்டிக் என்கிற காரக் கரைசல் விட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, ஆச்சு என்று கையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். ஸ்பானரை எடுத்து ஜாயிண்ட் ஜாயிண்டாகக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, ரப்பர் வாஷரின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பாள். வழுக்கினால் போச்சு. அந்த வழவழப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை விட்டுவைத்தால் பால் திரியும். திரிந்த பிறகு ஆளாளுக்கு அடுத்தவனைக் கைகாட்டுவார்கள்.

மூடியிருக்கும் எதையும் அவள் நம்பமாட்டாள். வெளியே பளபளவென்று இருக்கிற குழாயைப் பார்த்தால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். கழற்று, பார், தேய், மாட்டு. அவள் கைபட்ட லைனில் பால் கெட்டது என்று ஒரு புகார் வந்தது கிடையாது. அந்தப் பெருமையை அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, மற்ற லைன்காரர்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அழகிலேயே அது தெரிந்தது.

வேலை செய்யும்போது மட்டும் அவளுக்கு வாய் ஓயாது. அந்த இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்ற கவலையே இல்லை. கை தேய்த்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். கை நின்றால் வாயும் நின்றுவிடும். அவளையே கேட்டால், நான் எங்கே பேசினேன் என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை. தான் பேசுவது அவளுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கால் போனது எல்லோருக்கும் தெரிந்தது. சிறுநீர்ப் பையும் தன் வேலையை மறந்துவிட்டது என்பது வீட்டோடு நின்றது. மருத்துவமனையில் சிறுநீர் இறங்க டியூப் போட்டார்கள். உள்ளே போகிற முனையில் ஒரு சின்ன பலூன்; டியூப் நழுவி வந்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். வெளி முனையை ஒரு நீளக் குழாயில் செருகி, அந்தக் குழாயைக் கட்டிலுக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அவர் விழுந்த செய்தி வந்தபோது அவள் ஒரு வாஷரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்து, மாட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். கல்நெஞ்சக்காரி என்று சிலர் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வாடகைக்கா? அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஏதோ மரத்துப்போனது. அப்புறம் அது திரும்பி வரவில்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே, இவளுக்கு மொத்தமாக. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. படுத்தாள், தூக்கம் வந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஓடி வந்து, ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிடு என்று அம்மாவைக் கெஞ்சினாள். அழுதால் என்ன ஆகும் என்று இவள் கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மகள் குடும்பத்தில் அழ வேண்டிய பங்கையெல்லாம் தான் ஒருத்தியே அழுது தீர்த்துவிட்டு, லீவு முடிந்து ஊருக்குப் போனாள்.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே டார்ச் அக்கா அந்தப் பையை ஆராய்ந்தாள். அடியில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திறந்து காலி செய்தாள். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? டியூபும் குழாயும் சேருகிற இடத்தைப் பார்த்தாள். ஜாயிண்ட். மூடியிருந்தது. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைக் கழற்றினாள். பையையும் குழாயையும் சலவை சோடா கலந்த வெந்நீரில் அலசினாள். துவைத்துக் காயவைத்த துணியால் டியூபின் வாயைத் துடைத்து, மறுபடி மாட்டினாள். தினமும் காலையில் இது நடந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்தாள். பண்ணை லைனுக்கு என்ன மரியாதையோ அதேதான் இதற்கும். அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு பார்த்திருப்பார். மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் பேச்சு மூச்சு கிடையாது. தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், எடுத்துப் போவாள், அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவர் எதைக் கேட்டாலும் 'ம்' என்பாள். அவர் தன் பழைய ஜோக்குகளில் ஒன்றை எடுத்துவிட்டால் அதற்கும் 'ம்'தான்.

இங்கே அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டியூப் உள்ளே போனதுமே, சிறுநீரில் இருக்கிற புரதமும் உப்பும் அதன் மேல் மெல்லிய பூச்சாகப் படியத் தொடங்கிவிடும். கிருமி ஒட்டிக்கொள்ள அது வசதியான இடம். மிதந்துகொண்டிருக்கிற கிருமி வழிப்போக்கன். வருகிற வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டிக்கொண்ட கிருமி குடித்தனக்காரன். தன்னைச் சுற்றித் தானே ஒரு கொழகொழப்பைச் சுரந்து, அதற்குள் பெருகி, வேறு வகைக் கிருமிகளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு குடியிருக்கும். மருந்து கொடுத்தால் மிதப்பவை சாகும். கொழகொழப்புக்கு அடியில் இருப்பவற்றில் பல அசையாது. காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். சில கிருமிகள் சிறுநீரின் தன்மையையே மாற்றி, அதிலிருக்கும் உப்பை மணல் மாதிரிப் படியவைத்து டியூபை அடைத்துவிடும். டியூப் நாள்படத் தங்கினால் யார் வீட்டிலும் இது வரக்கூடியதுதான். வழி மூடியே இருந்தால் மெதுவாக வரும். ஜாயிண்டைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு கதவு திறக்கிறது. எஃகுக் குழாய்க்குக் காஸ்டிக் விடலாம், பிரஷ் விட்டுத் தேய்க்கலாம். மனுஷனுக்குள் போகிற டியூபுக்கு எதை விடுவது? அவள் துடைத்தது அதன் வாயை மட்டும்தான். துடைத்த துணியும் பிடித்த விரலும் உள்ளே எதை விட்டுவிட்டு வந்தன என்று அவள் கண்டாளா?

நாள் போகப் போக, பையில் இறங்குவது கலங்கலாக வந்தது. அடியில் வண்டல். நாற்றமும் மாறியது. லைனில் வழவழப்பு தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? இன்னொரு தரம் கழுவுவாள். காலையில் கழற்றிக் கழுவியவள், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை கழற்றிக் கழுவத் தொடங்கினாள். அவருக்கு அது பிடித்திருந்தது போலத்தான் இருந்தது. முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அவர் முகம் தெளிந்துவிடும். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை; யோசிக்கிற இடமும் மரத்துத்தான் போயிருந்தது.

ஒரு காலையில் பை காலியாக இருந்தது. அவர் தாடை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அடிவயிறு கல் மாதிரிப் புடைத்திருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. லிஃப்ட் கதவு இன்னும் மூடவில்லை, யாரும் ஏறாதீர்கள் என்று சுவரைப் பார்த்து எச்சரித்தார்.  அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். இருவருமாக அவரைத் தூக்கி வைத்த பிறகு கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்துக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். பிழைப்பாரா என்று கேட்டாள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். 'சரி' என்றாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த அம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த வார்டு சிஸ்டர் அவள் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள்; நடையும் பேச்சும் பரபரவென்று இருக்கும். பழைய டியூபை எடுத்து ஒரு தட்டில் போட்டுவிட்டு, புதியதைப் போட்டாள். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் ரத்தமும் சீழுமாக இறங்கியது. டார்ச் அக்காவின் கண் அங்கே இல்லை, தட்டில் இருந்தது. அது குழாய். குழாய் என்றால் உள்ளே பார்க்க வேண்டும். அதைக் கொஞ்சம் வெட்டிக் காட்ட முடியுமா என்று சிஸ்டரைக் கேட்டாள். இப்படி ஒரு ஆளைச் சிஸ்டர் அதுவரை பார்த்திருக்கமாட்டாள். ஆனாலும் கழுவும் அறைக்கு அழைத்துப் போய், அவளுக்கும் கையுறை கொடுத்து, கத்தரிக்கோலால் டியூபை நீளவாக்கில் பிளந்தாள்.

உள்ளே வெள்ளையும் பழுப்புமாக ஒரு படிவு. முனையில் மணல் இறுகி, ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. டார்ச் அக்கா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். கையுறை போட்டிருந்தும் தெரிந்தது. வழுக்கியது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாஷருக்கு அடியில் தேடித் தேடி அவள் தேய்த்துத் தள்ளிய அதே வழவழப்பு.

"பையை டியூப்லேர்ந்து கழட்டினீங்களாம்மா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"தினமும். சுத்தமா கழுவித்தான் மாட்டுவேன்."

சிஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "அந்த ஜாயிண்டைத் தொறக்கவே கூடாதும்மா. அடியில இருக்கற திருகு ஒண்ணுதான் தொறக்கணும். உள்ள போற வழி எப்பவும் மூடியே இருக்கணும்," என்றாள். இதைச் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டோமே என்றும் சொன்னாள். தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றாள் டார்ச் அக்கா. முதல் தடவை வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். என் புருஷனுக்குள் இதை நான்தான் கொண்டுபோய் விட்டேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிய செய்தி மாதிரி இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்போமே, அப்படி அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. மகள் வந்து இறங்கியதும் அவளிடமும் சொன்னாள். தெரியாமல்தானே செய்தாய் என்று மகள் கட்டிக்கொண்டு அழுதாள். தெரியாமல் செய்ததாலேயே கிருமி பாதி வேலையோடு நின்றுவிடுமா என்ன? டார்ச் அக்கா மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

அவர் கண் திறக்காமல் கிடந்த நாட்களில் ஒரு மத்தியானம், மகளை உட்கார வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். பெஞ்சில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போக வேறு இடமும் இல்லை. வெந்நீர் விட்டாள், காஸ்டிக் விட்டாள். ஸ்பானரை எடுத்து முதல் ஜாயிண்டில் வைத்தவளுக்குக் கை திரும்பவில்லை. வைத்தபடியே நின்றாள். அடுத்த லைனில் இருந்தவன் வந்து, உடம்பு சரியில்லையா அக்கா, இன்றைக்குச் சத்தத்தையே காணோமே என்று கேட்டான். என்ன சத்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. லைனைக் கழற்றாமலே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பினாள். அவர் போய்விட்டால் இனிப் பண்ணைக்கு வருவதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்தாள். அதற்கு அப்பால் யோசிக்கவில்லை.

மருந்து மெதுவாக வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. அவர் கண் திறந்து, சாப்பாடு கேட்டு, வந்த சாப்பாட்டைக் குறை சொன்னார். அதிலிருந்து ஆள் பிழைத்துவிட்டார் என்று மகள் நம்பினாள். ஆனால் சிறுநீரகம் நொந்துபோயிருந்தது. டியூப் உள்ளேயே தங்கியிருந்தால் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் இது திரும்பி வரலாம், இன்னொரு தடவை வந்தால் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வேறு வழி ஒன்று இருந்தது. மெல்லிய டியூபை அவரே செருகி, காலி செய்து, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். நாளில் சில தடவை. அப்போதும் கிருமி எட்டிப் பார்க்கலாம், ஆனால் குடியேறச் சுவர் இருக்காது. கை நன்றாக இருப்பவர்கள் சீக்கிரமே பழகிவிடுவார்கள், சிஸ்டரே சொல்லிக்கொடுப்பாள்.

அவர் முடியாது என்றார். கை நடுங்கும் என்றார். கண் மங்கல் என்றார். லிஃப்ட் பிரேக்கின் ஸ்பிரிங்கை மயிரிழை பிசகாமல் பொருத்திய கை நடுங்குகிறதாம். டாக்டர் பயமுறுத்தினார், மகள் கெஞ்சினாள். பழைய மாதிரியே இருக்கட்டும், உன் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஒற்றைக் காலில் நின்றார், நிற்கவே முடியாத மனுஷன். மகள் ஆற்றாமையோடு வெளியே போனாள்.

டார்ச் அக்கா கட்டிலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏன் வேண்டாங்கறீங்க?" என்று கேட்டாள்.

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த ஜாயிண்டைத் தொறக்கக் கூடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார்.

அவள் அந்த ஓரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப என்கிட்டதான் சொன்னாங்க. முதல் நாள் காலையில நீ கழட்டறப்பவே சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சுட்டே. உங்க சூப்பர்வைசர் தயிர்ல வழுக்கி விழுந்து, எழுந்திரிச்சு, தரை சுத்தமா இருக்கான்னு படுத்துப் பார்த்தேன்னு சொன்னாரே, அந்தக் கதை. நான் விழுந்ததுக்கப்புறம் நீ என்கிட்ட பேசினது அன்னைக்குத்தான். சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த நாளும் பேசினே."

"நான் பேசினேனா?"

"கை வேலையா இருக்கற வரைக்கும் பேசுவே. முடிஞ்சதும் எழுந்து போயிடுவே." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே நானே செஞ்சுக்கிட்டா உனக்கு என் பக்கத்துல ஒரு வேலையும் இருக்காது."

அவளுக்கு முதலில் காது சூடேறியது. பிறகு கழுத்து. அது ஆத்திரம் என்று அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு நாளாகி விட்டது அதைப் பார்த்து.

"செத்திருப்பீங்க," என்றாள்.

"தெரியும்."

"உங்களைக் கொன்னுட்டு நான் உயிரோட இருந்திருப்பேன். அதை நினைச்சீங்களா?"

அவர் நினைக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அவ்வளவு நாளும் தன் உயிரைத்தான் வைத்து விளையாடுகிறோம் என்று எண்ணியிருந்தார். பணயம் வைத்தது அவளுடைய உயிரை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள், உணர்ச்சி இருக்கிற இடமாகப் பார்த்து. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். டார்ச் அக்காவுக்குக் கை வலித்தது, நெஞ்சு முழுக்க வலித்தது.

சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தபோது, அவர் கற்றுக்கொள்வார் என்று இவளே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. சாயங்காலம் வந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"அப்ப காலையில?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

வருகிறேன், பேசுகிறேன் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அவருக்குத் திருப்தியாகவும் இருக்கும். செய்ய முடியுமா என்று தெரியாத எதையும் அவள் சொன்னதில்லை. "கை சும்மா இருந்தா எனக்குப் பேச வராது," என்றாள். "வந்து உட்கார்றேன். நீங்க பேசுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஜோக் எதையோ எடுக்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எனக்குத் தினமும் பயமா இருக்கு," என்றார்.

"எனக்கும்," என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.